பழைய மரம் என்று தெரிய வேண்டுமா?

நான் செய்த நகைப்பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த நண்பர் ஒருவர், மூடியை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, "அருமையா இருக்கு. ஆனா புதுசு மாதிரியே இருக்கே, நீ சொன்னதாலதான் பழைய மரம்னு தெரியுது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு கேள்வி இருந்தது. பார்த்தால் பழையது என்று தெரியாத பெட்டிக்கு எதற்குப் பழைய மரம்? கடையில் இழைத்து வைத்திருக்கும் நல்ல பலகையை வாங்கிச் செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்குமே. அப்போது எனக்குச் சரியான பதில் வரவில்லை. பெட்டி என் அக்காவிடம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய மரத்தில் செய்த பொருள் என்றாலே இப்போது ஒரு தோற்றம் எதிர்பார்க்கப்படுகிறது. ஆணித் துளை தெரிய வேண்டும், ஓரத்தில் உரிந்த பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், ரம்பப் பல்லின் தடம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தத் தோற்றத்துக்கு இருக்கும் கிராக்கியால் புது மரத்தையே பழையதாக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைப் பூசினால் துவர்ப்புச் சத்து உள்ள மரம் சில நிமிடங்களில் கறுத்துவிடும். சங்கிலியால் அடித்து வடு உண்டாக்குவார்கள். சுவரில் மாட்டும் பலகைக்கோ மேசைக்கோ இதெல்லாம் அவரவர் ரசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. நகைப்பெட்டி வேறு சாதி. அது மூடியே இருக்கும் பொருள். அதன் முக்கியமான பக்கம் உள்பக்கம். இதை நான் முதலிலேயே தெளிவாக உணர்ந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்யச் செய்யத்தான் உறைத்தது.

மரம் வந்த வழி

தெரிந்தவர் ஒருவரின் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த கதவு நிலை அது. தேக்கு. மேலே பல அடுக்கு பெயிண்ட், அதற்கு அடியில் சாம்பல் பூத்த தோல், அதற்கும் அடியில் தேன் நிறம். அதைச் செய்த தச்சர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நிலையின் மூலைகளில் ஒரு சட்டத்தின் துளைக்குள் மற்றதன் கழுந்தை, அதாவது செதுக்கிய முனையை, பொருத்தி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தார். பசை கிடையாது. மர ஆணியைப் பின்னாலிருந்து தட்டியதும் கழுந்து முழுசாக வெளியே வந்தது. இரும்புத் தகடு வைத்துப் பத்து ஆணி அறைந்திருந்தாலோ, எபாக்ஸி ஊற்றி இறுக்கியிருந்தாலோ அந்த மரத்தை உடைத்துத்தான் எடுத்திருக்க முடியும். பழைய மரம் கைக்கு வருகிறது என்றால், முன்னால் ஒருவர் அதைப் பிரிக்க முடிகிற மாதிரி சேர்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பெயிண்டை எடுப்பதில் அவசரம் கூடாது. பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். சூட்டுக் காற்றால் அளவுக்கு மீறிக் காய்ச்சினால் புகையாகவே போகும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதையெல்லாம் ஒரு விரிப்பில் சேர்த்து, முகமூடியோடு செய்வதுதான் சரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆணி. தலை தெரிகிற ஆணியைக் குறட்டால் பிடுங்கிவிடலாம். தலை முறிந்து உள்ளே தங்கியதுதான் வில்லங்கம். இழைப்புளியின் வாய் அதில் பட்டால் பல் விழுந்துவிடும். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை மரத்தின் மேல் நாலு பக்கமும் ஓட்டி, சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். தரையைத் தொட்டு நின்ற அடிப்பாகம் ஈரம் ஏறி மெத்தென்று இருந்தது, அதை வெட்டித் தள்ளினேன். ஒரு விளிம்பில் வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்புற இளம் பாகம், இருந்தது, அதில் உளுத்த துளைகள். வைரம் பாய்ந்த உள்பாகத்தில் ஒன்றுமில்லை. தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது, வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. துளையைக் குத்தூசியால் கிளறிப் பார்த்தேன். புது மாவு கொட்டவில்லை, பழைய சேதம்தான். இருந்தாலும் அந்த விளிம்பு முழுவதையும் கழித்துவிட்டேன். பெட்டிக்குள் பூச்சியைக் குடிவைத்துக் கொடுப்பதைப் போல மோசமான பரிசு கிடையாது.

இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியது நீளமான சட்டம் அல்ல, துண்டு துண்டாக நல்ல மரம். ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே, துளைக்கும் துளைக்கும் நடுவே. பெட்டியின் நீளத்தை நான் தீர்மானிக்கவில்லை, அந்த இடைவெளிதான் தீர்மானித்தது. பழைய மரத்துக்குச் சின்னப் பெட்டி இவ்வளவு பொருத்தமாக இருப்பது இதனால்தான். மேசை செய்யப் போனால் குறையை மறைக்கவோ பெருமையாகக் காட்டவோ வேண்டியிருக்கும். கையகல வேலைக்குக் குறையில்லாத துண்டு எப்படியும் கிடைத்துவிடும்.

எல்லாப் பழைய மரமும் இதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகை என்பது தோலில் படுகிற பொருள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டையில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஏறியிருக்கும், அதைத் தொடவே கூடாது. பச்சை பாய்ந்த வெளிப்புற மரத்தில் தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த மருந்து ஏற்றியிருக்கலாம். சரக்கு ஏற்றும் பலகைத் தட்டுகளைப் பலரும் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி 'ஹெச்டி' என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள். ஹெச்டி மரத்திலும் மேலே என்ன கொட்டியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. வந்த இடம் தெரியாத மரத்தை நான் நகைப்பெட்டிக்கு எடுக்க மாட்டேன்.

பழைய மரம் அசையாது என்ற நம்பிக்கை

பழைய மரத்தைப் புகழ்கிறவர்கள் தவறாமல் சொல்வது இது. "நல்லாக் காய்ஞ்ச மரம், இனிமே அசையாது." பாதி உண்மை. பச்சை மரம் உலரும்போது சுருங்கும் பெரிய சுருக்கம் எப்போதோ முடிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மரம் எத்தனை வருடமானாலும் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். மழைக்காலத்தில் அகலும், வறண்ட காலத்தில் ஒடுங்கும். ரேகையின் நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கிலேயே அறுத்த பலகை, வளையத்துக்குச் செங்குத்தாக அறுத்த பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். பச்சையிலிருந்து முழுக்க உலரும் வரை தேக்கு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், செங்குத்தாக சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு, தேக்கின் பெருமைகளில் ஒன்று. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் அகல மூடிப்பலகையில் ஈரம் நாலு சதவீதம் கூடினால், வளையத்தின் போக்கில் அறுத்த பலகை ஒன்றரை மில்லிமீட்டர் அகலும். செங்குத்தாக அறுத்தது முக்கால் மில்லிமீட்டருக்குள் நிற்கும். நாலு பக்கமும் பசைபோட்டு அடைத்துவிட்டால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே போகும்? மூலை விடும், இல்லையென்றால் பலகை வெடிக்கும்.

அதனால் மூடிக்கும் அடிக்கும் வளையம் செங்குத்தாக நிற்கும் துண்டுகளாகத் தேடி எடுத்தேன். இரண்டையும் பக்கப் பலகைகளில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் மிதக்க விட்டேன், நடுவில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. இன்னொன்றும் உண்டு. தடித்த நிலைச்சட்டத்தை மெல்லிய பலகைகளாகப் பிளக்கும்போது, இத்தனை வருடம் உள்ளே அடைந்திருந்த பாகம் முதல் முறையாகக் காற்றைப் பார்க்கிறது. உள்ளே இறுகியிருந்த இழுவையும் விடுபடுகிறது. பிளந்த அன்று நேராக இருக்கும் பலகை ஒரு வாரத்தில் லேசாக வளையும். அதனால் வேண்டிய தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அறுத்து, நடுநடுவே ஒரே அளவு குச்சி வைத்து அடுக்கி, வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் விட்டுவிட்டேன். வளைய வேண்டியது வளைந்து முடித்தது. அப்புறம்தான் இழைத்தேன். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது, உளியையும் இழைப்புளியையும் சீக்கிரம் மழுங்கடிக்கும். கையருகே சாணைக்கல் இல்லாமல் தேக்கில் உட்கார வேண்டாம்.

கண்ணாடிக் குப்பிகள்

இனி என்னை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். பலகைகள் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் அக்காவிடம், "உள்ளே என்னென்ன வைப்பே?" என்று கேட்டேன். அறைகளின் அளவுக்காகத்தான் கேட்டேன். கொஞ்சம் வெள்ளி, ஒரு முத்துச் சரம், சில மோதிரம் என்றாள். கூடவே, "வெள்ளியை எந்தப் பெட்டில வெச்சாலும் கறுத்துப் போகுதுடா. பிளாஸ்டிக் கவர்ல சுத்தித்தான் வெக்கிறேன். நீ செய்யற பெட்டிலயாச்சும் கறுக்காம இருக்குமா?" என்று கேட்டாள். அளவைக் கேட்கப் போன எனக்கு அது வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

மரம் காற்றில் அமிலத்தை விடுகிறது. முக்கியமாக அசிட்டிக் அமிலம், கூடவே கொஞ்சம் ஃபார்மிக் அமிலம். திறந்த அறையில் இது ஒன்றுமே இல்லை. இறுக மூடிய பெட்டிக்குள் அது சேரும். இதைக் கண்கூடாகக் கண்டவர்கள் சங்கு, சிப்பி சேகரித்தவர்கள். மர அலமாரியில் பத்திரமாக வைத்த சிப்பிகளின் மேல் வெள்ளை உப்பு பூத்து, வழவழப்புப் போய், மெல்ல மாவாக உதிர்வதை அவர்கள் பார்த்தார்கள். 1899-இல் இங்கிலாந்தின் பைன் என்பவர் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அது பைன் நோய் என்றே அழைக்கப்படுகிறது. உண்மையில் நோயே இல்லை, அமிலம் சுண்ணாம்பைத் தின்பதுதான். முத்தும் அதே சுண்ணாம்புப் பொருள்தான், கால்சியம் கார்பனேட். ஓக் மரம் இதில் மிக மோசம் என்று பெயரெடுத்தது. அருங்காட்சியகங்களில் ஈயப் பொருள்களை ஓக் இழுப்பறையில் வைத்து அவை வெளுத்து உதிர்ந்த கதைகள் ஏராளம். தேக்கு அந்த அளவுக்கு இல்லை என்றாலும், அமிலமே இல்லாத மரமும் அல்ல.

ஒரு பொருள் காட்சிப் பெட்டிக்குள் வைக்கத் தகுந்ததா என்று பார்க்க, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சோதிக்க வேண்டிய பொருளில் ஒரு துண்டு, வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றிலும் ஒவ்வொரு தகடு, கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றையும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். தகடு மாறினால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகக் கூடாது. இன்றும் அருங்காட்சியகங்கள் இதன் திருத்திய வடிவங்களைப் பயன்படுத்துகின்றன.

ஆய்வகம் இல்லாத நான் அதை எளிமையாகச் செய்து பார்த்தேன். மூடி இறுகும் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று துலக்கிய வெள்ளித் துண்டு, செம்புக் கம்பி, ஈரப் பஞ்சு வைத்த சின்ன மூடி. ஒன்றில் கதவு நிலையின் தேக்குச் சீவல். ஒன்றில் வழக்கமான வெள்ளைத் தச்சுப் பசை காய்ந்த துண்டு. ஒன்றில் உள்ளே ஒட்டலாம் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்த கம்பளி ஃபெல்ட், கரும்பச்சை நிறத்தில் அவ்வளவு அழகு. ஒன்றில் கஞ்சி போகத் துவைத்த, சாயம் ஏற்றாத பருத்தித் துணி. கடைசிக் குப்பியில் வெள்ளியும் செம்பும் ஈரமும் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த வெறும் குப்பி அவசியம், அது இல்லையென்றால் எதையும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வெதுவெதுப்பான ஓர் இடத்தில் வைத்துவிட்டு அவ்வப்போது எட்டிப் பார்த்தேன்.

முதலில் மாறியது ஃபெல்ட் இருந்த குப்பி. வெள்ளியில் மஞ்சள் படர்ந்து, பழுப்பாகி, பிறகு கறுத்தது. கம்பளி என்பது மயிர். மயிரின் புரதத்தில் கந்தகம் உண்டு. அந்தக் கந்தகம் வாயுவாக வெளியேறி வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. வெள்ளி கறுப்பது என்பது இதுதான். வெள்ளைப் பசை இருந்த குப்பியில் வெள்ளி அப்படியே இருந்தது, செம்பு மட்டும் மங்கியது. அந்த வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட், அது அசிட்டிக் அமிலத்தை விடக்கூடியது. தேக்குக் குப்பியில் செம்பில் லேசான மாற்றம், வெள்ளியில் ஒன்றுமில்லை. பருத்தியில் இருந்தவை வெறும் குப்பியில் இருந்தவற்றைப் போலவே இருந்தன.

அந்தக் குப்பிகளை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குள் ஒன்று புரண்டது. அதுவரை நான் பெட்டியை வெளியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ரேகை எப்படி ஓட வேண்டும், மூலை எப்படித் தெரிய வேண்டும், பழமையை எந்த அளவுக்குக் காட்ட வேண்டும். அக்காவின் வெள்ளியை எந்தப் பெட்டியிலும் கறுக்க வைத்தது மரமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழகுக்காக ஒட்டிய துணியும் ஃபெல்ட்டும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். நகைக்கு அழகு செய்வதாக நினைத்துச் செய்ததே நகையைக் கெடுத்திருக்கிறது. இதற்கு மேல் பெட்டியின் ஒவ்வொரு முடிவையும் உள்ளேயிருந்து எடுப்பது என்று தீர்மானித்தேன்.

ஆணியின் கறுப்பு வளையம்

மூடிக்கு என்று ஒதுக்கிய பலகைகளில் ஒன்றின் நடுவே ஆணித் துளை. அதைச் சுற்றிக் கறுப்பு வளையம், ரேகையின் வழியே இருபுறமும் மை இழுத்த மாதிரி நீண்டிருந்தது. மை என்பது உவமைக்குச் சொல்லவில்லை. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாகும் கறுப்பும், பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் எழுதப் பயன்பட்ட மாசிக்காய் மையும் ஒரே வேதியியல். அந்தப் பலகை அழகு. அதை மூடியின் நடுவில் வைத்திருந்தால் பார்த்த எல்லோரும் "ஆகா, பழைய மரம்" என்றிருப்பார்கள். என் நண்பரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

வைக்கவில்லை. துளை என்பது காற்றுக்கும் தூசிக்கும் வழி, அடைத்தாலும் அடைப்பு மரத்தோடு ஒத்து அசையாது. கறையில் மிச்சமிருக்கும் இரும்பு உப்பு ஈரத்தில் என்ன செய்யும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இவை காரணங்கள்தான். ஆனால் இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தக் கறுப்பு வளையம் 'என்னைப் பார்' என்கிறது. நகைப்பெட்டியின் மூடி திறப்பதற்கானது. அக்கா அதைத் தினமும் காலை அவசரத்தில் திறப்பாள், அவள் கண் போக வேண்டியது உள்ளே இருப்பதன் மேல். மரத்தின் கதையை மூடியில் எழுதி அவளை வாசிக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பலகையைப் படச் சட்டத்துக்கு எடுத்து வைத்தேன். அங்கே துளையால் யாருக்கும் நட்டமில்லை.

மீதி வேலை சொல்லும்படி நடந்தது. ஒரே பலகையிலிருந்து நாலு பக்கங்களையும் வரிசை மாறாமல் வெட்டினால் ரேகை பெட்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடும், ஒரு மூலையில் மட்டும் பொருந்தாது. அந்த மூலையைப் பின்பக்கம் விட்டேன். மூலைகள் 45 டிகிரி சாய்வு வெட்டு. அங்கே வெட்டுமுனையும் வெட்டுமுனையும் சந்திப்பதால் பசை மட்டும் நிற்காது, வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். அதனால் ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ரம்ப வெட்டுப் போட்டு, மெல்லிய மரத் துண்டு செருகினேன். புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோக்கும் புறாவால் இணைப்பு இன்னும் உறுதி, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் சுற்றி ஓடும் ரேகையை அது மூலைக்கு மூலை வெட்டிவிடும்.

மூடியைத் தனியாகச் செய்யவில்லை. அடியும் மேலும் அடைத்த முழுப் பெட்டியாகவே பசைபோட்டு, இறுகிய பிறகு சுற்றிலும் கோடு இழுத்து ரம்பத்தால் அறுத்துப் பிரித்தேன். அடைத்த பெட்டியை அறுக்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். மூன்று பக்கம் அறுத்ததும் அந்த இடைவெளியில் ரம்பத் தடிமனுக்குச் சரியான அட்டைத் துண்டுகளைச் செருகிச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டால், கடைசிப் பக்கத்தை அறுக்கும்போது மூடி சாயாது, ரம்பமும் பிடிக்காது. இப்படிச் செய்தால் மூடியும் பெட்டியும் ஒரே மரத்தின் தொடர்ச்சியாக உட்காரும். பித்தளைக் கீலுக்கு உளியால் பள்ளம் எடுத்து, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை மெழுகு தடவி ஏற்றி இறக்கி, பிறகே பித்தளைத் திருகாணியைப் போட்டேன். பித்தளை மென்மை, தேக்கில் நேரடியாக முறுக்கினால் தலை திருகிக்கொண்டு போய்விடும்.

பசைக்கு வச்சிரத்தை, அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையை, தேர்ந்தெடுத்தேன். குப்பி காட்டிய அமிலம் ஒரு காரணம். இன்னொரு காரணம், வச்சிரம் சூடும் ஈரமும் பட்டால் இளகும். அந்த நிலையைச் செய்த தச்சர் எனக்குத் தந்த வசதியை நானும் யாருக்காவது தர வேண்டாமா? மிகுந்த ஈரத்தில் வச்சிரம் தளரும் என்பது அதன் குறை, வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அது பெரிய கவலை இல்லை. தேக்கில் இயற்கை எண்ணெய் உண்டு, பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அந்த முகங்களை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தேன்.

உள்ளே எண்ணெய் தடவக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதம். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்துதான் இறுகும். அடைத்த பெட்டிக்குள் அது மாதக்கணக்கில் நாறும், நாற்றம் என்பதே ஏதோ ஆவி வெளியேறுகிறது என்பதுதானே. வெளியே எண்ணெய் பூசினேன். (துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள்.) உள்ளே மெழுகு நீக்கிய ஷெல்லாக். அரக்குப் பூச்சி தரும் பிசின், ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்துபோய் மெல்லிய படலம் மட்டும் தங்கும். மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, வாடை முழுக்கப் போகும் வரை மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். பருத்தித் துணியை மரத்தில் ஒட்டவில்லை. அமிலமில்லாத அட்டையில் சுற்றித் தைத்து, அறைக்குள் செருகி வைத்தேன். அழுக்கானால் அக்கா எடுத்துத் துவைத்துக்கொள்ளலாம். முத்துக்கு ஒரு தனி அறை, மற்ற நகை உரசினால் அதன் மேல் கீறல் விழும். முத்து இருக்கும் அந்த அறை கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தட்டுக்கும் பக்கத்துக்கும் நடுவே நூலிழை இடைவெளி விட்டேன்.

நண்பரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நான் பழைய மரத்தைத் தேடிப் போனது அது பழையதாகத் தெரிவதற்காக அல்ல. நல்ல வைரம் பாய்ந்த தேக்கு, விறகாகவோ குப்பையாகவோ போகவிருந்தது. அது இன்னொரு தலைமுறைக்கு வேலை செய்ய முடியும். அதற்கு வடு தேவையில்லை, திடம்தான் தேவை. அதன் வரலாறு தெரிய வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் வடு எதையும் சரியாகச் சொல்வதில்லை. ஓர் ஆணித் துளையைப் பார்த்து அது கதவு நிலையா, படகா, பெட்டிச் சட்டமா என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால் பெட்டியைத் திருப்பினால் தெரியும் அடிப்பலகையில், எண்ணெய் பூசும் முன் பென்சிலால் எழுதினேன். தேக்கு, ஒரு வீட்டின் வாசல் நிலையாக இருந்தது. மூலைகள் வச்சிரம், சூடுபட்டால் பிரியும். மூடிப்பலகையும் அடிப்பலகையும் மிதக்கின்றன, பசைபோட்டு அடைக்க வேண்டாம். உள்ளே ஷெல்லாக் மட்டும், எண்ணெய் பூசாதீர்கள். துணி பருத்தி, மாற்றினால் கம்பளி வேண்டாம். கீழே தேதி. என்றாவது ஒரு மூலை விட்டுப்போய் யாராவது தச்சர் இதைக் கையில் எடுத்தால், அவர் யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.